தோல் தைக்கிறவன் பையன்

அந்த நேரலையைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். யார் பேசியது, எங்கே பேசியது என்பதெல்லாம் இங்கே முக்கியமில்லை. நேற்றிலிருந்து இன்பாக்ஸில் அதே லிங்க்தான் வந்துகொண்டிருக்கிறது. ஷேக்ஸ்பியர் நாடகங்களை எழுதியது ஷேக்ஸ்பியர் இல்லையாம், அவர் பெயருக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஒரு பிரபுவாம். சரி, பழைய சரக்கு, போகட்டும். ஆனால் நடுவில் ஒரு வரி வந்தது: "ஒரு தோல் தைக்கிறவன் பையனுக்கு அரண்மனைப் பேச்சு எப்படிங்க தெரியும்?" சபை கைதட்டியது. ஷேக்ஸ்பியரின் அப்பா கையுறை தைத்தவர், அதைத்தான் சொல்கிறார்.

என் அப்பா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் 31 வருஷம் கட்டிங்கில் இருந்தவர். அதனால் நான் நடுநிலையாகப் பேசுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். முயற்சி மட்டும் செய்கிறேன்.

ஷேக்ஸ்பியர் செத்தது 1616-இல். ஏழு வருஷம் கழித்து, அவரோடு ஒரே குழுவில் நடித்த ஹெமிங்ஸும் காண்டெலும் 36 நாடகங்களைத் திரட்டி அவர் பெயரிலேயே அச்சிட்டார்கள். அதில் பாதி அதுவரை அச்சையே பார்க்காதவை. அந்தப் புத்தகத்துக்கு முன்னால் பாட்டெழுதிக் கொடுத்தவர் அதே காலத்து நாடகக்காரர் பென் ஜான்சன். "ஏவான் நதியின் அன்னமே" என்று பாடினார். ஏவான், ஷேக்ஸ்பியரின் சொந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டின் ஆறு. அதே பாட்டில் "உனக்கு லத்தீன் கொஞ்சம், கிரேக்கம் அதைவிடக் கொஞ்சம்" என்று ஒரு குத்தும் வைத்தார். பின்னால் ஒரு பிரபு ஒளிந்திருந்தால் ஜான்சன் வாய் சும்மா இருந்திருக்குமா?

இவர்கள் காட்டும் ஆள், ஆக்ஸ்ஃபோர்டு பிரபு எட்வர்ட் டி வியர். அவர் 1604-இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். 'டெம்பெஸ்ட்' நாடகத்துக்குப் பின்னால் இருப்பதோ 1609-இல் பெர்முடா அருகே நடந்த கப்பல் விபத்துச் செய்தி. கேட்டால், எழுதி வைத்துவிட்டுப் போனார், மற்றவர்கள் ஒட்டுப் போட்டார்கள் என்பார்கள். செத்த பிறகும் எழுதுகிற பிரபுவை நம்புவார்கள். உயிரோடு இருந்த கையுறைக்காரர் மகனை நம்ப மாட்டார்கள்.

"ஆறு கையெழுத்துதான் கிடைத்திருக்கிறது, அதுவும் எழுத்துக்கூட்டல் மாறி மாறி" என்று கமெண்டில் வருவீர்கள். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள். அடுத்து.

"உயிலில் ஒரு புத்தகம்கூட இல்லை, இரண்டாந்தரக் கட்டிலை மனைவிக்கு எழுதியிருக்கிறார்." ஆமாம், எழுதியிருக்கிறார். அதே உயிலில் கூட நடித்த ஹெமிங்ஸ், பர்பேஜ், காண்டெல் மூன்று பேருக்கும் மோதிரம் வாங்கப் பணமும் ஒதுக்கியிருக்கிறார். அதை ஏன் மேடையில் சொல்லவில்லை?

"பள்ளிக்குப் போனதற்கு ஆதாரம் எங்கே?" அந்தப் பள்ளியின் அந்தக் காலத்துப் பதிவேடு எந்தப் பையனுக்கும் மிஞ்சவில்லை ஐயா. ஆனால் அப்பா ஜான் 1568-இல் ஊரின் பெய்லிஃப், கிட்டத்தட்ட மேயர். அவர் மகனை உள்ளூர் இலவசப் பள்ளிக்கு அனுப்பவில்லை என்றால்தான் அதிசயம். "பார்த்தாயா, மேயர் மகன், உன்னைப் போல ஏழை இல்லை" என்று ஒருவர் கிளம்புவார். இருக்கட்டும். 1552-இல் ஹென்லி தெருவில் குப்பைமேடு சேர்த்து வைத்ததற்கு அபராதம் கட்டிய அதே ஜான்தான் அவர். பத்திரத்தில் பெயர் எழுதாமல் குறி போட்டவர். போதுமா?

அப்புறம் அதே காலத்து இன்னொரு நாடகக்காரர் மார்லோ, செருப்புத் தைப்பவர் மகன். ஜான்சனுக்கு வளர்ப்புத் தந்தை கொத்தனார். ஜான்சனே செங்கல் அடுக்கியவர். இவர்களுக்கு மட்டும் யாரும் பிரபு தேடுவதில்லை. "மார்லோ கேம்பிரிட்ஜ் படித்தவர் சார்." அதேதான் நான் சொல்வதும். பட்டம் இருந்தால் செருப்பு மறந்துவிடுகிறது.

மார்க் ட்வெயினும் ஃபிராய்டும் சந்தேகப்பட்டார்களே என்றால், பட்டார்கள். பெரிய மனிதர்களும் தப்பு செய்வார்கள், அவ்வளவுதான்.

எல்லா வரியும் ஷேக்ஸ்பியர் ஒருவர் கைதான் என்று நான் சொல்லவில்லை. கடைசி நாடகங்கள் சிலவற்றில் ஃபிளெட்சர் என்ற நாடகக்காரர் அவரோடு சேர்ந்து எழுதினார். கூட எழுதுவது வேறு, பினாமி வேறு.

போன பொங்கலுக்கு ஊரில் இருந்தபோது 'ரோமியோ ஜூலியட்' வரி ஒன்றை அப்பாவுக்குச் சொன்னேன். ஒருவனுடைய சமத்காரத்தைக் கேலி பண்ணும் இடம் அது: குட்டியாட்டுத் தோல் மாதிரி, ஓர் அங்குலத்தை ஒரு எல் அகலத்துக்கு இழுக்கிறான் என்று வரும். ஒரு எல் என்றால் 45 அங்குலம். அப்பா கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, இல்லாத தோல் ஒன்றைக் காற்றில் இழுத்துப் பார்த்தார். "அவ்ளோ வராது. ஆனா குட்டித் தோல் இழுபடும்டா. தொட்டவன்தான் சொல்லுவான்." இன்னொரு நாடகத்தில் ஒருவனுடைய தாடியைக் கையுறைக்காரர் தோல் சீவும் வட்டக் கத்திக்கு ஒப்பிடுவதைச் சொன்னதும் சிரித்தார். எழுந்து போய் ஸ்டீல் டப்பாவிலிருந்து தன் பழைய கத்தியைக் கொண்டுவந்தார். பிடியில் சுற்றியிருந்த சைக்கிள் டியூப் பிசுபிசுத்துப் போயிருந்தது.

இது ஆதாரம் இல்லை, தெரியும். பிரபுவும் கையுறை போட்டிருப்பார் என்பீர்கள். போட்டிருப்பார். தோலை இழுத்துப் பார்த்திருப்பாரா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று நேற்று இரவு மனைவி கேட்டாள். பத்தாவதில் கட்டுரைப் போட்டி. ஆசிரியர் தாளைப் பிடித்துக்கொண்டு "யார்டா எழுதிக் கொடுத்தது?" என்றார். நான்தான் சார் என்றேன். "உங்கப்பா எங்க வேலை?" சொன்னேன். தாளைத் திருப்பி வைத்துவிட்டு, தன் மேசைப் பக்கத்திலேயே நிற்க வைத்து மறுபடி எழுதச் சொன்னார். எழுதினேன், முதலில் எழுதியதைவிட நன்றாகவே வந்தது. "மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கான்" என்று பக்கத்து ஆசிரியரிடம் சொன்னார். பரிசு டாக்டர் மகனுக்குப் போனது. அவன் நல்ல பையன், இப்போதும் நண்பன், இதையும் படிப்பான். அவனிடம் மட்டும் யாரும் அவன் அப்பா வேலையைக் கேட்கவில்லை.

ஆராய்ச்சி செய்யக் கூடாதா, கேள்வி கேட்கக் கூடாதா என்று எழுதப் போகிறவர்களுக்கு: கேளுங்கள், தாராளமாக. அப்பன் தொழிலில் ஆரம்பிக்காமல் கேளுங்கள்.

தயவுசெய்து அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். மூன்று முறை பார்த்தாயிற்று. கைதட்டல் 41-வது நிமிடத்தில் வருகிறது.