எத்தியோப்பிய நீர் எலியும் ஜூனிப்பர் மரமும் ஒரே அளவில் அரியவையா?

எத்தியோப்பிய மலைகளைச் சேர்ந்த நீர் எலியும் ஆப்பிரிக்க ஜூனிப்பர் மரமும் சம அளவில் அழிவின் விளிம்பில் இருப்பதாகவும், மரத்தை நட்டாலே எலியும் மீண்டுவிடும் என்றும் ஒரு செய்தி பரவி வருகிறது. இவ்விரண்டு கூற்றுகளும் தவறானவை.

அந்த எலியைப் பற்றி நாம் அறிந்ததெல்லாம், 1927ஆம் ஆண்டு நீல நைலின் தலைப்பகுதியான சிறிய அபாய் ஆற்றின் ஊற்றருகே பிடிபட்டு, இன்று சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரே ஒரு மாதிரியிலிருந்து அறிந்ததுதான். நீர் ஒட்டாத அடர்ந்த மென்மயிரும் அகன்ற பின்னங்கால்களும் அது ஓடைக்கே உரிய உயிரினம் என்று காட்டுகின்றன. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை மிக அருகிய இனமாக, ஒருவேளை அற்றே போயிருக்கக்கூடியதாக வகைப்படுத்தியுள்ளது.

ஜூனிப்பரோ அரேபியத் தீபகற்பத்தின் மலைகளிலிருந்து ஜிம்பாப்வே வரை பரவியுள்ளது. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இயற்கையாக வளரும் ஜூனிப்பர் இனம் இது ஒன்றுதான். கரையான் அரிக்காத அதன் மரத்துக்காகப் பல இடங்களில் பெருமளவில் வெட்டப்பட்டிருப்பது உண்மைதான், அது கவலைக்குரியதும்கூட. ஆயினும் அதே ஒன்றியத்தின் பட்டியலில் இம்மரம் குறைந்த கவலைக்குரிய இனமாகவே உள்ளது.

எலி பிடிபட்ட பகுதியைச் சீரழித்தது மட்டுமீறிய மேய்ச்சல். அங்கே முதலில் காக்கப்பட வேண்டியவை ஓடைக்கரைகள். கரையை விட்டுவிட்டுச் சரிவில் மட்டும் மரம் நடுவது இந்த எலிக்கு உதவாது.