ஒத்தை மோல்டுக்குச் சீனா வரை போகலாமா?

ஏற்காடு காபித்தூளுக்குப் புது டப்பா, அதன் பிளாஸ்டிக் மூடியை வார்க்க ஒரு மோல்டு, அதாவது இரும்பு அச்சு. கோயம்புத்தூர் கொட்டேஷனில் பாதிதான் சீனாக்காரர் கேட்கிறார், கொடுக்கலாமா? சேலத்தில் சின்னதாக யூனிட் வைத்திருப்பவர்கள் பலரும் கேட்கிற கேள்வி இது. கொடுக்கலாம். ஆனால் கொடுக்கும் விதம் வேறு.

அந்தப் பாதி விலையோடு கப்பல் வாடகை, சுங்கவரி, சென்னையில் கிளியரிங் செலவு, சேலம் வரை லாரி எல்லாம் சேரும். இறக்குமதிக்குக் கட்டும் ஜிஎஸ்டியை (ஐஜிஎஸ்டி) இன்புட் கிரெடிட்டாக, உங்கள் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம், சுங்கவரி போனது போனதுதான். ஐஇசி என்கிற இறக்குமதி-ஏற்றுமதி நம்பர் இல்லாமல் இறக்குமதி பண்ண முடியாது. இதையெல்லாம் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்.

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் கொடுத்த கொலுசில் குறை இருந்தால் நேரே போய் உட்கார்ந்துவிடலாம். அடுத்த சீசனுக்கும் நீங்கள் வருவீர்கள் என்று பட்டறைக்காரருக்குத் தெரியும். சீனாவின் ஷென்ஜென் நகரத்துக்காரருக்கு நீங்கள் ஒருதடவைக் கிராக்கி, அவ்வளவுதான். உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி பாக்கிப் பணம். பாதி அட்வான்ஸ், மீதி கப்பல் ஏறும் முன் என்றுதான் ஆரம்பிப்பார்கள். தலையாட்டிவிடாதீர்கள். ஆர்டருக்கு 40 சதவீதம், சாம்பிள் ஓகே ஆனதும் 40, மோல்டு இங்கே ஓடியபின் 20 என்று கேளுங்கள். பேசிப் பேசி அந்த 20 கடைசியில் 10 ஆகும், பரவாயில்லை. அதுவும் முடியாது என்பவரை விட்டுவிடுவது நல்லது.

அடி விழுவது பெரும்பாலும் சாம்பிளில். மோல்டை முதல்தடவை ஓட்டிப் பார்ப்பதை டி1 என்பார்கள். உங்கள் மூடி பிபி (பாலிபுரொப்பிலீன்) பிளாஸ்டிக். மெட்டீரியல் என்னவென்று எழுதிக் கொடுக்காவிட்டால், அவர் ஏபிஎஸ் என்ற வேறு பிளாஸ்டிக்கின் கணக்கில் மோல்டை வெட்டி ஏபிஎஸ்ஸிலேயே ஓட்டி அனுப்பக்கூடும். ஆறும்போது ஏபிஎஸ் சுமார் அரை சதவீதம்தான் சுருங்கும், பிபி 1 முதல் 2.5 சதவீதம் வரை. அங்கே கச்சிதமாக 100 மி.மீ. வந்த மூடி இங்கே 99 ஆகிவிடும், டப்பாவில் ஏறாது. மரை இருக்கும் மூடியில் ஒரு மில்லி என்பது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதனால் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே பிபி கிரேடு, எம்எஃப்ஐ (உருகினால் எவ்வளவு இளகி ஓடும் என்ற அளவு) இரண்டையும் போடுங்கள். மூடி ஏறுகிறதா என்று போட்டுப் பார்க்கப் பத்து டப்பாவைக் கூரியரில் அங்கே அனுப்பிவிடுங்கள். மிஷினிலிருந்து வந்த மூடியை உடனே வெர்னியரில் பிடித்து அளக்க வேண்டாம்: ஓட்டி ஒருநாள் ஆகும்வரை பிபி சுருங்கிக்கொண்டே இருக்கும். மெட்டீரியல் மூட்டையின் லேபிளும் மிஷின் ஸ்கிரீனும் தெரிகிற மாதிரி ஓட்டத்தை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இன்னொன்று, மோல்டை இங்கே மாட்டி ஓட்டப்போகும் மிஷினின் அளவு. டை ராடு (மோல்டு நடுவில் இறங்கும் மிஷின் கம்பிகள்) இடைவெளி, மோல்டு கனத்தின் குறைந்தபட்சம், அதிகபட்சம், லொகேட்டிங் ரிங் விட்டம், நாசில் ரேடியஸ், எஜெக்டர் (வார்த்த மூடியைத் தள்ளிவிடுவது) இடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். மிஷின் போட்டோ மட்டும் அனுப்பிவிட்டுச் சும்மா இருப்பவர்கள் உண்டு. டை ராடுக்குள் இறங்காத மோல்டு வெறும் இரும்பு, காயலான் கடை எடைக்குத்தான் போகும்.

உதிரிகளை முதல் ஆர்டரிலேயே வாங்கிவிடுங்கள்: எஜெக்டர் பின், கோர் பின், ஸ்பிரிங் இரண்டு செட். திருத்தம் எல்லாம் முடிந்தபின் உள்ள 3டி ஃபைலும் 2டி டிராயிங்கும் வராமல் கடைசிப் பணம் கிடையாது. பின் உடைந்தால் அந்த ஃபைலை வைத்துக் கோயம்புத்தூரிலேயே செய்துகொள்ளலாம்.

நடுவில் "பேங்க் அக்கவுன்ட் மாறிவிட்டது" என்று மெயில் வந்தால், ஏற்கெனவே பேசிய நம்பரில் வீடியோ கால் போட்டு ஆளைப் பார்த்துக் கேட்காமல் ஒரு டாலர்கூட அனுப்ப வேண்டாம். சீனப் புத்தாண்டு ஜனவரி கடைசியில் அல்லது பிப்ரவரியில் வரும். அதையொட்டி அங்கே ஃபேக்டரிகள் வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். டிசம்பரில் ஆர்டர் போட்டுவிட்டு மாசிக்குள் மோல்டு வந்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள்.

டிசைனே இன்னும் முடிவாகவில்லை, மூடியில் ஒரு கோடு கூட்டலாமா குறைக்கலாமா என்று யோசனை ஓடுகிறதா? விலை இரண்டு மடங்கானாலும் கோயம்புத்தூருக்கே கொடுங்கள். காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் டூல் ரூமில் நின்று, "இந்த ஓரத்தை இன்னும் கொஞ்சம் உருட்டுங்கண்ணா" என்று கையால் தொட்டுக் காட்டிவிட்டு வரலாம்.