வளர்ச்சி ஹார்மோன் ஊசி எலும்பு முறிவுக்கு மருந்தல்ல

பெருமூளை வாதம் (மூளை பாதிப்பால் கை கால் அசைவு சரியாக வராத நிலை) உள்ள பிள்ளைகளுக்கு எலும்பு முறிவதே வளர்ச்சி ஹார்மோன் குறைவால்தான், ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று ஒரு அண்ணா எழுதியிருக்கிறார். அப்படி இல்லை, அண்ணா. சில பிள்ளைகளுக்கு அந்த ஹார்மோன் குறைவாக இருக்கலாம். ஆனால் முதல் காரணம் வேறு: நிற்காத, நடக்காத காலில் பாரம் விழுவதில்லை, பாரம் விழாத எலும்பு தடிக்காது. முழங்காலுக்குச் சற்று மேலே தொடை எலும்பு, நாப்பி (டயப்பர்) மாற்றும்போதுகூட முறியலாம். பேச முடியாத பிள்ளை காரணமில்லாமல் அழுது, முழங்கால் வீங்கிச் சூடாக இருந்தால், 'சுளுக்கு' என்று எண்ணெய் தேய்க்காமல் எக்ஸ்ரே எடுங்கள்.

அப்புறம் வலிப்பு மருந்து. ஃபெனிட்டாயின், ஃபீனோபார்பிட்டோன் போன்றவை வைட்டமின் டி-யைக் குறைக்கும், அது குறைந்தால் எலும்பு பலவீனமாகும். தென்னாப்பிரிக்காவில், நம் டர்பனில் வெயிலுக்கா பஞ்சம் என்பீர்கள். நாள் முழுக்க வீட்டுக்குள் சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்கு அந்த வெயில் எங்கே கிடைக்கிறது? ரத்தப் பரிசோதனையில் அளவு தெரிந்துவிடும்.

சிறிய ஆய்வுகள் சிலவற்றில் ஹார்மோன் ஊசியால் உயரமும் எலும்பு அடர்த்தியும் கூடியது உண்மைதான். அதை வைத்து எல்லாப் பிள்ளைக்கும் போடச் சொல்ல முடியாது. வளைந்த முதுகெலும்பு வேகமாக வளரும்போது இன்னும் வளையலாம், ரத்தச் சர்க்கரையும் ஏறலாம். பரிசோதித்துக் குறைபாடு உறுதியானால் சுரப்பி மருத்துவர் முடிவு செய்வார். ஏற்கெனவே எலும்பு முறிந்த பிள்ளைகளுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் யோசிப்பது எலும்பு கரைவதைக் குறைக்கும் பாமிட்ரோனேட் போன்ற வேறு வகை மருந்து. அதற்கு முன்னால் வைட்டமின் டி, கால்சியம் குறையைச் சரிசெய்வார்கள்.