'குடும்பம்' என்ற சொல்லுக்குள் யாரெல்லாம் வரலாம்?

அரசு வேலையில் இருக்கும் ஒரு பெண் இன்னொரு பெண்ணோடு இணையராக இருபது வருஷம் ஒரே வீட்டில் வாழ்ந்திருக்கலாம். வீட்டுக் கடனை இருவரும் சேர்ந்தே கட்டியிருக்கலாம். ஆனால் அந்த ஊழியர் பணியில் இருக்கும்போது இறந்துபோனால், நாகர்கோவில் கருவூலத்திலிருந்து அந்தத் துணைக்கு ஒரு ரூபாய்கூடக் குடும்ப ஓய்வூதியம் வராது. இது பெரிய அநியாயம். இதை மாற்ற நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை, மாநில அரசு மனது வைத்தால் போதும்.

முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஒரே பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்தது. மறுசீராய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாகிவிட்டன. அந்த 2023 தீர்ப்பிலேயே இன்னொரு விஷயமும் பதிவாகியிருக்கிறது. ரேஷன் கார்டு, ஓய்வூதியம், பணிக்கொடை (கிராஜுவிட்டி), காப்பீடு போன்ற உரிமைகளை ஆராய அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் குழு அமைப்பதாக மத்திய அரசு ஒப்புக்கொண்டது. 2024 ஏப்ரலில் குழுவும் அமைந்தது. அதற்குப் பிறகு வந்தவை இவைதான்: இணையரை ஒரே வீட்டாராகக் கருதி ரேஷன் கார்டு தரலாம் என்று மாநிலங்களுக்கு ஒரு கடிதம், கூட்டு வங்கிக் கணக்குக்கும் நாமினிக்கும் தடையில்லை என்று 2024 ஆகஸ்ட் 28-ல் நிதி அமைச்சகத்தின் விளக்கம், நெருங்கிய உறவினர் இல்லாதபோது இணையர் உடலைப் பெறலாம் என்று சுகாதாரத் துறையின் கடிதம். குடும்ப ஓய்வூதியம் இன்றுவரை பழைய இடத்திலேயே கிடக்கிறது.

அதனால் இப்போதைக்கு நம் கையில் இருப்பது தாள்கள்தான். நாமினேஷன் படிவத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். நாமினியின் பெயரும் முகவரியும், ஊழியருக்கு என்ன உறவு, வயது, பங்கு எவ்வளவு, எந்தச் சூழலில் இந்த நியமனம் செல்லாமல் போகும், நாமினி முன்னதாக இறந்தால் மாற்று ஆள் யார் என்று கட்டங்கள் இருக்கும். உறவு என்ற இடத்தில் 'நண்பர்' என்று எழுதலாம். அதற்கு மேல் விளக்கம் தர வேண்டிய கட்டாயம் இல்லை. அலுவலகம் சின்னது, படிவம் நாலு மேஜை தாண்டித்தான் போகும் என்பதால், வெளியே சொல்ல விரும்பாதவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

பலரும் தடுக்கி விழும் இடம் அடுத்துதான் வருகிறது. பணிக்கொடை விதிப்படி, 'குடும்பம்' உள்ளவர் வெளியாளை நாமினியாகப் போட முடியாது. மத்திய அரசு ஓய்வூதிய விதியில் பணிக்கொடைக்கான குடும்பம் என்றால் கணவன், மனைவி, பிள்ளைகளோடு முடிவதில்லை. அப்பா, அம்மா, 18 வயதுக்குட்பட்ட தம்பி, கல்யாணம் ஆகாத சகோதரி, விதவைச் சகோதரி எல்லோரும் அதில் உண்டு. ரயில்வேயிலும் தபால் துறையிலும் வேலை பார்க்கும் நம் குமரி மாவட்டத்துக்காரர்கள் நிறையப் பேர். அவர்களில் ஒருவர் திருமணம் ஆகாதவர், அம்மா உயிரோடு இருக்கிறார் என்றால், துணையின் பெயரில் போட்ட பணிக்கொடை நாமினேஷன் செல்லாது. வாங்கி வைத்த எழுத்தருக்கும் இது தெரியாமல் இருக்கலாம், கடைசியில் பில் போடும்போதுதான் சிக்கல் வெளிவரும். குடும்பம் யாருமே இல்லாத காலத்தில் போட்ட நாமினேஷனும், பிற்பாடு வீட்டார் நெருக்கடியில் ஒரு கல்யாணம் நடந்துவிட்டால், தானாகவே ரத்தாகிவிடும். என்.பி.எஸ். என்ற தேசிய ஓய்வூதியத் திட்டத்தின் நாமினேஷனிலும் கிட்டத்தட்ட இதே விதிதான். ஆகவே பெற்றோர் இறப்பு போல எந்த மாற்றம் வந்தாலும் புதுப் படிவம் கொடுங்கள், அலுவலகத் தலைவரின் கையெழுத்தோடு நகல் வாங்குங்கள், பணிப்பதிவேட்டில் பதிவு ஏறியதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

'உயில் எழுதிவிட்டோமே, பென்ஷன் வந்துவிடாதா?' என்று கேட்பவர்கள் உண்டு. வராது. குடும்ப ஓய்வூதியம் இறந்தவரின் சொத்து ஆகாது, அதை உயிலால் யாருக்கும் கொடுக்க முடியாது என்று 1991-ல் வயலட் ஐசக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வங்கி இருப்பு, வீடு, நகை, காப்பீட்டுத் தொகை இவற்றுக்கு உயில் கட்டாயம் வேண்டும். நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர் மட்டுமே. காப்பீட்டில் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால்தான் பணம் அவர்களுக்கே சொந்தம் என்று 2015 திருத்தம் சொல்கிறது. துணை நாமினியாக இருந்தால் சட்டப்படியான வாரிசுகள் வழக்குப் போட இடம் இருக்கிறது. அதனால் நாமினேஷனிலும் உயிலிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் போதும், பதிவு கட்டாயமில்லை, ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவது பிற்காலச் சண்டையைக் குறைக்கும். பயன்பெறும் துணையைச் சாட்சியாக மட்டும் போடாதீர்கள். நம் மாவட்டத்தில் பாதிக்கு நெருக்கமாக இருக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இது முக்கியம்: இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அவர்கள் விஷயத்தில் சாட்சிக்கு எழுதிய பங்கு செல்லாது.

வங்கி எளிது. கூட்டுக் கணக்கை 'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்' என்ற முறையில் தொடங்குங்கள். மேலாளர் தயங்கினால் நிதி அமைச்சகத்தின் விளக்க நகலைக் காட்டுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் பவர் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) எழுதி வைத்தால் போதும் என்று நம்பிவிடாதீர்கள். எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தாலும் இறந்தாலும் சாதாரணப் பவர் முடிந்துவிடும், அதாவது தேவைப்படும் நேரத்தில் அது நிற்காது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையிலோ திருவனந்தபுரத்திலோ உயிருக்குப் போராடும் கட்டத்தில் துணையின் பேச்சு எடுபட வேண்டுமானால், முன்கூட்டிய மருத்துவ அறிவுறுத்தல் எழுதி அதில் பொறுப்பாளராக அவர் பெயரைச் சேர்க்க வேண்டும். 2023-ல் உச்ச நீதிமன்றம் இதை எளிதாக்கிவிட்டது: இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்று, அவ்வளவுதான். அரசு ஊழியருக்குக் கெசட்டட் அதிகாரி அடுத்த அறையிலேயே இருப்பார்.

இவ்வளவு தாள் சேர்த்தும் குடும்ப ஓய்வூதியம், ஊழியர் மருத்துவக் காப்பீடு, கருணை வேலை இந்த மூன்றும் துணைக்குக் கிடைக்காது. மூன்றுமே மாநில அரசு தன் ஊழியருக்காகத் தானே எழுதிய விதிகள். தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் 1978 அரசியலமைப்பின் 309-ஆம் பிரிவின்கீழ் வந்தவை, அரசாணையால் பலமுறை திருத்தப்பட்டவை. திருமணம் மட்டுமே குடும்பம் அமைக்கும் வழி அல்ல என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இணையர்களுக்கான குடும்பப் பிணைப்புப் பத்திரத்தைப் பதிவு செய்யும் ஏற்பாட்டை யோசிக்கச் சொல்லி 2023 நவம்பரிலேயே அதே நீதிமன்றம் மாநில அரசிடம் கேட்டது. அந்தப் பத்திரம் நடைமுறைக்கு வந்தால் 'யார் துணை?' என்ற கேள்விக்கு வட்டாட்சியரும் கருவூலமும் கேட்கும் ஆதாரம் தயாராக இருக்கும்.

நம் மாவட்ட ஊழியர் சங்கங்கள் அடுத்த மாநாட்டுத் தீர்மானத்தில் இதைச் சேர்க்க வேண்டும். கோரிக்கை ஒரு வரிதான்: ஊழியர் உயிரோடு இருக்கும்போது எழுத்தில் அறிவித்த, ஒரே வீட்டில் வாழும் துணையையும் 'குடும்பம்' என்ற வரையறையில் சேர்க்கவும். மனு நிதித்துறையின் ஓய்வூதியப் பிரிவுக்கும், நகல் சமூக நலத்துறைக்கும் போகட்டும்.