அந்தமானுக்குக் கேபிள் சென்னையிலிருந்து, அலைக்கற்றை மேற்கு வங்கத்திலிருந்து

சென்னைக் கரையில் இறங்கியிருக்கும் கடலடி கேபிள்களைப் பற்றிப் பேசும்போது, சிங்கப்பூருக்குப் போகும் கேபிள்களைத்தான் நாம் முதலில் சொல்வது வழக்கம். 2002-இல் ஐ2ஐ, 2004-இல் டாடாவின் கேபிள் என்று வங்கக் கடலைக் கடந்து அவை ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. அதே கடலில் இருக்கும் அந்தமான் நிக்கோபார் தீவுகளோ 2020 வரை செயற்கைக்கோளை நம்பியே இருந்தன. 2018 டிசம்பர் 30 அன்று அடிக்கல் நாட்டப்பட்டு, 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்ட சென்னை–அந்தமான் கேபிள் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுடையது. அதற்கு ஆன செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். அந்தப் பணம், தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 5 சதவீதத்தைச் செலுத்திவந்த அனைவருக்குமான சேவைக் கடமை நிதியிலிருந்து கொடுக்கப்பட்டது. அதாவது, நீங்களும் நானும் செய்த ரீசார்ஜில் ஒரு சிறு பங்கு அந்தக் கேபிளுக்குள் இருக்கிறது என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

கேபிள் போய்ச் சேர்ந்ததும் தீவுகளின் செல்போன் பிரச்சினை முடிந்துவிட்டதாகவே இங்கே பலரும் நினைக்கிறார்கள். செல்போன் நிறுவனங்களின் டவர் திட்டமிடலில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையிலும், போர்ட் பிளேரில், அதாவது 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட ஊரில், சித்தி குடும்பம் இருப்பவன் என்ற முறையிலும் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத விரும்புகிறேன்.

கேபிள் செய்த நன்மையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்குப் போய்த் திரும்பும் ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்கவே அரை நொடி ஆகும். ஃபைபரில் 2,300 கிலோமீட்டர் போய்த் திரும்ப அந்த நேரத்தில் இருபதில் ஒரு பங்குகூட ஆகாது. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையில் நொடிக்கு இருமுறை 200 ஜிகாபிட், அங்கிருந்து ஸ்வராஜ் தீவு, லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார், லாங் தீவு, ரங்கத் ஆகிய இடங்களுக்கு இருமுறை 100 ஜிகாபிட் என்பது திட்டத்தின் கொள்ளளவு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 3,80,581 பேர் மட்டுமே இருந்த ஒரு பிரதேசத்துக்கு இது குறைவானது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் கேபிள் கரையில் நின்றுவிடுகிறது. செம்பரம்பாக்கத்திலிருந்து எவ்வளவு பெரிய குழாய் வந்தாலும் தெருக் குழாயின் வாய்தான் குடம் நிறையும் நேரத்தைத் தீர்மானிக்கும் என்பது சென்னைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செல்போனைப் பொறுத்தவரை அந்தக் குழாய் வாய், டவருக்கும் கைபேசிக்கும் நடுவே இருக்கும் காற்றுவெளியும், அதில் நிறுவனத்துக்கு அனுமதிக்கப்பட்ட அலைக்கற்றையும், அதாவது ரேடியோ அலைவரிசைத் துண்டும்தான்.

தமிழ்நாட்டில் அலைக்கற்றை என்றாலே கோடிகளுக்குப் பின்னால் வரிசைகட்டி நின்ற பூஜ்யங்கள்தான் நினைவுக்கு வரும். அந்த அரசியலை ஒதுக்கிவைத்துவிட்டுப் பொறியியலை மட்டும் பார்ப்போம். ஒரு 4ஜி டவர், இரண்டு ஆண்டெனாக்கள் கொண்ட சாதாரண அமைப்பில், 5 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் அதிகபட்சமாக நொடிக்குச் சுமார் 37 மெகாபிட் தரும். 10 மெகாஹெர்ட்ஸ் இருந்தால் 75, 20 இருந்தால் 150. இது டவருக்கு அடியில் ஒரே ஒருவர் தனியாக நின்றால் கிடைக்கும் வேகம். அந்தத் திசையில் இருக்கும் அத்தனை கைபேசிகளும் இதைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். டவரின் சக்தியைக் கூட்டினால் போதாதா என்று கேட்பவர்களுக்குத் தகவல் கோட்பாட்டை உருவாக்கிய கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1948-லேயே பதில் சொல்லிவிட்டார்: அகலத்தை இருமடங்காக்கினால் கொள்ளளவும் இருமடங்காகும், சக்தியை இருமடங்காக்கினாலோ கொஞ்சம்தான் கூடும்.

போர்ட் பிளேரில் வெற்றிமலை முருகன் கோயிலின் பங்குனி உத்திரக் கூட்டத்திலிருந்து சித்தி ஒருமுறை எனக்குக் காவடி வீடியோ அனுப்ப முயன்றார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு பேசும்போது, "நாலு கோடு காட்டுதுடா, ஆனா ஒண்ணும் போக மாட்டேங்குது" என்றார். அந்தக் கோடுகள் சிக்னலின் வலிமையை மட்டுமே காட்டும்; அலைவரிசையில் இடம் காலியாக இருக்கிறதா என்பதை அவை காட்டா. அந்த நேரத்தில் கோயிலைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் வீடியோ அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கடலுக்கடியில் ஃபைபர் காலியாகக் கிடந்திருக்கும்; மூச்சுத் திணறியது காற்றில்தான்.

இதே நெரிசல் தியாகராய நகரில் ஏற்பட்டால் நிறுவனங்கள் என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். டவர்களுக்கு இடையிலான தூரத்தைக் குறைப்பார்கள். மொட்டை மாடிகளிலும் விளக்குக் கம்பங்களிலும் சிறு ஆண்டெனாக்களை வைத்து, ஒரே அலைக்கற்றையைத் தெருவுக்குத் தெரு மறுபடி பயன்படுத்துவார்கள். அலைக்கற்றைப் பற்றாக்குறைக்கு நகரம் கண்டுபிடித்த மாற்று, டவர்களின் எண்ணிக்கை. தீவில் அந்த மாற்று எளிதில் கைகொடுப்பதில்லை. நிலப்பரப்பில் பெரும்பகுதி காடு, அதிலும் கணிசமான பகுதி பழங்குடியினருக்கான காப்பகம். அங்கே டவர் வைக்கக் கூடாது, வைக்கவும் வேண்டாம் என்பதே என் கருத்து. மீதியுள்ள இடத்திலும் மின்சாரம் பெரும்பாலும் கப்பலில் வந்த டீசலில் ஓடும் ஜெனரேட்டர்களிலிருந்து வருகிறது. உப்புக் காற்று இரும்பை அரிக்கிறது. நிலநடுக்க அபாயம் மிக அதிகமான பகுதி என்பதால் டவரின் அடித்தளச் செலவும் கூடுகிறது. கேபிள் இறங்காத தீவுகளுக்குத் தகவலை எடுத்துச் செல்ல மைக்ரோவேவ் இணைப்பு தேவை. அதற்கும் தனியாக 28 மெகாஹெர்ட்ஸ் அகலத் துண்டுகளாக அரசு அலைக்கற்றை ஒதுக்க வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் உயர்ந்த அலைவரிசை மைக்ரோவேவ் அடைமழையில் தளர்ந்துபோவதையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

ஆகவே, டவர்களைப் பெருக்க முடியாத தீவில் இருக்கிற ஒவ்வொரு டவரிலும் கூடுதல் அலைக்கற்றையை, அதிலும் தொலைதூரம் பாயும் தாழ்ந்த அலைவரிசையை, ஏற்றுவதுதான் உண்மையான மேம்பாடு. 5ஜி என்ற பெயருக்காக 3,300 மெகாஹெர்ட்ஸ் கருவியைப் போர்ட் பிளேரின் அபெர்டீன் பஜாரில் ஒரு கட்டடத்தின் மேல் வைத்துவிட்டுத் தீவுகளுக்கு 5ஜி வந்துவிட்டது என்று விளம்பரம் செய்வது எளிது. அந்த அலை 700 மெகாஹெர்ட்ஸ் அலையைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிர்வெண் கொண்டது. ஒரே மாதிரியான ஆண்டெனாக்களை வைத்துக் கணக்கிட்டால் ஒரே தூரத்தில் அதன் இழப்பு இருபது மடங்குக்கும் மேல். நனைந்த இலைகளும் மலைமுகடும் நடுவில் வந்தால் கணக்கு இன்னும் மோசமாகும். பழைய 2ஜி அலைவரிசையை 4ஜிக்கு மாற்றலாம்தான். ஆனால் மீனவர் கையில் இருக்கும் பட்டன் போனை யார் மாற்றிக் கொடுப்பது?

இனிமேல்தான் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் செய்தி. கேபிள் சென்னையிலிருந்து போனாலும், அலைக்கற்றை உரிமத்தைப் பொறுத்தவரை அந்தமான் நிக்கோபார், சிக்கிமோடு சேர்த்து மேற்கு வங்கத் தொலைத்தொடர்பு வட்டத்துக்குள், அதாவது ஒரே உரிமம் செல்லும் பகுதிக்குள், இருக்கிறது. புதுச்சேரி நம் வட்டத்திலும் லட்சத்தீவு கேரள வட்டத்திலும் இருப்பதைப் போன்ற ஏற்பாடு இது. ஏலத்தில் மேற்கு வங்க வட்டத்துக்கு ஒரு நிறுவனம் பணம் கட்டினால், டார்ஜிலிங்கிலிருந்து கிரேட் நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனை வரைக்கும் அந்த அலைவரிசை அதற்கு மட்டுமே சொந்தம். 2022 ஏலத்தில் ஜியோ நாட்டின் 22 வட்டங்களிலும் 700 மெகாஹெர்ட்ஸ் வாங்கியது. ஜியோவும் ஏர்டெல்லும் 22 வட்டங்களிலும் 3,300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஆளுக்கு 100 மெகாஹெர்ட்ஸ் வாங்கின. பி.எஸ்.என்.எல்.லுக்கு 2023-இல் அரசே 700-ஐயும் 3,300-ஐயும் ஒதுக்கியது. காகிதத்தில் பார்த்தால் கச்சால் தீவின் தென்னந்தோப்புக்கு மேலே, சென்னை அண்ணா சாலைக்கு மேலே இருப்பதைப் போலவே அலைக்கற்றை கொட்டிக் கிடக்கிறது.

ஏலம் எடுத்தவர் அதை எங்கே பயன்படுத்த வேண்டும் என்ற கடமை, வட்டம் முழுவதையும் ஒரே கணக்காகப் பார்த்தே எழுதப்பட்டுவந்தது. பழைய ஒருங்கிணைந்த உரிமங்களில், மூன்று ஆண்டுகளுக்குள் மாவட்டத் தலைநகரங்களில் பாதியை எட்டினால் போதும். தலைநகருக்குப் பதில் அதே மாவட்டத்தின் வேறு ஊரையும் காட்டலாம் என்று நிபந்தனை இருந்தது. ஒன்பது கோடிப் பேர் வாழும் வங்கத்தின் சமவெளியிலேயே அந்தப் பாதியை முடித்துவிடலாம். மூன்று நாள் கப்பல் பயணத்தில் இருக்கும் தீவுக்குக் கருவி ஏற்றிப்போக வேண்டிய கட்டாயம் எங்கிருந்து வரும்? நிறுவனங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. விதியை அப்படி எழுதினால் கணக்குப்பிள்ளை அப்படித்தான் கணக்குப் போடுவார்.

உச்சவரம்பு விதியும் இங்கே வேடிக்கையாகிவிடுகிறது. 2022 ஏல விதிகளின்படி 1,000 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழான அலைக்கற்றையில் ஒரு நிறுவனம் ஒரு வட்டத்தில் 40 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. போட்டியைக் காக்கும் நல்ல விதி அது; கொல்கத்தாவிலோ சென்னையிலோ அதைத் தளர்த்தச் சொன்னால் நானே எதிர்ப்பேன். ஆனால் ஒரே ஒரு நிறுவனத்தின் டவர் மட்டும் நிற்கும் தீவில், அந்த விதி பாதுகாக்கப் போட்டி ஏதும் இல்லை. அங்கே மிச்சமுள்ள 60 சதவீதம் யாருக்கும் பயன்படாமல் கிடக்கிறது. டவர் வைத்திருப்பவரோ தன் பங்கை வைத்துக்கொண்டு திணறுகிறார்.

தீவுகளைத் தனி வட்டமாக்கிவிடலாமே என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். வட்டத்தின் எல்லைகள் மாறக்கூடியவைதான். சென்னையே 2005 வரை தனி வட்டமாக இருந்து பிறகு தமிழ்நாட்டோடு சேர்க்கப்பட்டது. ஆனாலும் எனக்கு இதில் உடன்பாடில்லை. நான்கு லட்சம் பேருக்காகத் தனியே ஏலம் வைத்தால் இரண்டு நிறுவனங்கள் வராமலேயே போய்விடும் ஆபத்து இருக்கிறது. வட்டம் இப்படியே இருக்கட்டும். உபயோகிக்காத அலைவரிசையைப் பூட்டிவைக்கும் உரிமை மட்டும் தீவுகளில் இருக்கக் கூடாது. ஒரு தீவில் ஒரு நிறுவனம் குறிப்பிட்ட காலத்துக்குள் ஓர் அலைவரிசையை இயக்கவில்லை என்றால், அங்கே டவர் வைத்திருக்கும் இன்னொருவர் குறைந்த கட்டணத்தில் அதைப் பயன்படுத்த அனுமதி தரலாம்; உரிமையாளர் பின்னர் வரும்போது விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நிபந்தனையும் போடலாம். பிரிட்டனின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2019 முதல் இதைப் போன்ற உள்ளூர் உரிமங்களை வழங்கி வருகிறது. நம் 2023 தொலைத்தொடர்புச் சட்டமும், போதிய காரணமின்றிப் பயன்படுத்தாமல் கிடக்கும் அலைக்கற்றையைத் திரும்பப் பெற அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது.

முழுப் பணம் கொடுத்து வாங்கியதை மற்றவருக்குக் கொடுப்பதா என்று நிறுவனங்கள் கேட்கும். அவர் சேவையே தராத இடத்தில் அவருக்கு என்ன நட்டம் என்பதுதான் என் பதில். குறுக்கீடு வரும் என்ற வாதமும் இங்கே எடுபடாது. கொல்கத்தாவிலிருந்து போர்ட் பிளேருக்கு நடுவே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடல் இருக்கிறது. இப்படி ஒரு விதியைச் சோதித்துப் பார்க்க இந்தியாவில் இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது.

ரோமிங் விஷயத்தில் பாதி வழி ஏற்கெனவே போடப்பட்டுவிட்டது. அனைவருக்குமான சேவைக் கடமை நிதியின் இப்போதைய பெயரான டிஜிட்டல் பாரத் நிதியில் கட்டப்பட்ட 4ஜி டவர்களில், டவரை இயக்கும் நிறுவனத்தின் சிம் மட்டுமின்றி வேறு நிறுவனங்களின் சிம்மும் வேலை செய்யும் ஏற்பாடு 2025 ஜனவரி 17 அன்று தொடங்கப்பட்டது. தீவுகளின் அத்தனை டவர்களுக்கும், யார் பணத்தில் கட்டியவையாக இருந்தாலும், இதை விரிவுபடுத்தினால் ஒரு கிராமத்துக்கு நான்கு டவர்கள் வேண்டியிராது. டவர் ஒன்றுதான் என்றாகும்போது அதில் ஏற்றும் அலைக்கற்றையும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். வெறும் ரோமிங்கை மட்டும் கொடுத்தால் நான்கு நிறுவனங்களின் கூட்டத்தை ஒருவரின் 5 மெகாஹெர்ட்ஸில் ஏற்றிவிடுவதாக முடியும்.

அடுத்த ஏலத்துக்கு முன் ட்ராய், அதாவது இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், ஆலோசனைத் தாளை வெளியிடும். யார் வேண்டுமானாலும் அதற்குக் கருத்து அனுப்பலாம். நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் பக்கம் பக்கமாக அனுப்புவார்கள். போர்ட் பிளேரின் தமிழ் அமைப்புகளும், அங்கே சரக்கு அனுப்பும் சென்னை வணிகர்களும் ஒரு பக்கமாவது அனுப்பட்டும். மக்கள் வாழும் ஒவ்வொரு தீவிலும் எந்த நிறுவனத்தின் எந்த அலைவரிசை எத்தனை மெகாஹெர்ட்ஸ் இயங்குகிறது என்ற பட்டியலை வெளியிடச் சொல்லி அதில் முதல் கோரிக்கையாகக் கேளுங்கள். வட்டக் கணக்கு வேண்டாம், தீவுக் கணக்கு வேண்டும். நான் என் கடிதத்தை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதத் தொடங்கிவிட்டேன். கையெழுத்திட விரும்புகிறவர்கள் உள்பெட்டியில் சொன்னால் வரைவை அனுப்புகிறேன்.