கிளெரிக் இல்லாவிட்டால் பரவாயில்லை, காரணம் இல்லாவிட்டால்தான் கஷ்டம்

சென்னையில் டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) என்கிற, ஆளுக்கொரு கதாபாத்திரமாக டைஸ் உருட்டி ஆடும் கதையாட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, "எங்க பார்ட்டியில கிளெரிக் இல்லையே, பரவாயில்லையா?" என்றுதான். பார்ட்டி என்றால் சேர்ந்து சாகசம் போகும் குழு; கிளெரிக் அதில் காயம் ஆற்றும் பூசாரி. பரவாயில்லை. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் பாடகரான பார்டும் இயற்கை மந்திரம் தெரிந்த ட்ரூயிடும்கூடக் காயம் ஆற்றுவார்கள். நீண்ட ஓய்வான லாங் ரெஸ்ட் ஒன்று எடுத்தால், உயிர்ப்பலத்தைக் காட்டும் ஹிட் பாயின்ட் முழுக்கத் திரும்பிவிடும். ஆனால் சண்டை போடும் ஃபைட்டர், மந்திரவாதியான விசார்ட், திருட்டுக்கலை தெரிந்த ரோக், கிளெரிக் என்று நாலு பேர் அமைந்துவிட்டாலே பார்ட்டி தயார் என்று நினைப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. இந்த நாலு பேர் எதற்காகச் சேர்ந்து போகிறார்கள்? அதற்குப் பதில் வேண்டும்.

வேளச்சேரியில் நண்பர் வீட்டு ஹாலில் ஓர் ஆட்டம். கிளெரிக் அடிபட்டு விழுந்து, பிழைப்பாரா என்று பார்க்கும் டெத் சேவ் டைஸை உருட்டிக்கொண்டிருக்கிறார். இரண்டு தோல்வி ஆகிவிட்டது, இன்னொன்று விழுந்தால் உயிர் போய்விடும். பக்கத்தில் நிற்கிற ரோக், "நான் அந்தப் பெட்டியைத் திறக்கிறேன்" என்கிறார். கேட்டால், "என் கேரக்டர் யாரையும் நம்ப மாட்டான்டா, அவன் அப்படித்தான்." கிளெரிக்காக ஆடிய பெண் டைஸைப் பைக்குள் போட்டுவிட்டுப் போனை எடுத்துக்கொண்டார். பல நாள் தொடர வேண்டிய அந்தக் கேம்பெய்ன் அப்புறம் நடக்கவில்லை.

அந்த ரோக்கை ஆடியவர் நல்ல மனிதர்தான். ஆனால் வீட்டில் தனியாக உட்கார்ந்து பேக்ஸ்டோரி எழுதினால் தனியாள்தான் வருவான். இத்தனைக்கும் விதிகளே கூட்டாளியின் பக்கம் நிற்கின்றன. ரோக்கின் ஸ்னீக் அட்டாக் என்கிற கூடுதல் அடி பெரும்பாலும் கைகொடுப்பது, எதிரிக்கு ஐந்தடிக்குள் நம்ம ஆள் ஒருவர் நிற்கும்போதுதான்.

இதை, கதையை நடத்துகிற டிஎம் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. ஆட்டம் தொடங்கும் முன் கூடும் செஷன் ஜீரோவில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து கேரக்டர் செய்ய வேண்டும். டன்ஜன் வேர்ல்ட் என்கிற இன்னொரு கதையாட்டத்தில் கேரக்டர் ஷீட்டிலேயே பாண்ட்ஸ் (பிணைப்புகள்) என்று ஒரு பகுதி உண்டு. இன்னார் எனக்கு உயிர்க்கடன் பட்டவர் என்கிற மாதிரி, பார்ட்டியில் இருக்கிற ஒருவரின் பெயரை நிரப்ப வேண்டும். டி அண்ட் டியிலும் தாராளமாகச் செய்யலாம். நாலு பேரும் ஒரே ஆளிடம் சீட்டுப் பணம் கட்டி ஏமாந்தவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே அவனைத் தேடி எத்தனை டன்ஜனுக்குள்ளும் சேர்ந்தே போவார்கள். அந்தச் சண்டை வேண்டும், அதுதான் ஆட்டத்துக்கு ருசி.

புதிதாகக் கேம்பெய்ன் தொடங்குகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: முதல் நாள் வெற்று ஷீட்டோடு வாருங்கள். கேரக்டரின் இனம் (எல்ஃப், குள்ளர் மாதிரி), வகுப்பு (ஃபைட்டர், ரோக் மாதிரி) எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம், "உனக்கும் எனக்கும் எப்படிப் பழக்கம்?" என்று கேளுங்கள்.