அறியாவினாவும் சன்னல் பல்லியும்

சென்ற மாதம் ஓரிரவு, மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் கூடத்துச் சன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றிருந்தாள். கண்ணாடிக்கு வெளிப்புறம், விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகளுக்காக ஒரு பல்லி காத்திருந்தது. "அம்மா, இது ஏன் வழுக்கி விழவே மாட்டேங்குது?" என்று கேட்டாள். தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. அதன் காலில் பசை இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிடுவதுதான் என் வழக்கம். அன்று அடுப்பை அணைத்துவிட்டு, "எனக்குத் தெரியவில்லை, வா, சேர்ந்து தேடுவோம்" என்றேன். அந்தத் தேடலைப் பற்றி எழுதுவதற்கே இந்தப் பதிவு.

கைப்பேசியில் தமிழில் 'பல்லி' என்று தட்டியதும் வந்தவையெல்லாம் பல்லி விழும் பலன்கள். தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று பக்கம் பக்கமாக இருந்தது. அவள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "நாம விழாததைத்தானே கேட்டோம்?" என்றாள். ஒற்றைச் சொல்லைத் தட்டினால் போதாது, கேள்வியை முழுமையாகக் கேட்க வேண்டும் என்பதை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவளே 'பல்லி சுவரில் எப்படி ஒட்டுகிறது' என்று தட்டச் சொன்னாள். இம்முறை ஒரு பக்கம் பசை என்றது, ஒரு பக்கம் காற்றை உறிஞ்சிப் பிடிக்கும் கிண்ணங்கள் என்றது, இன்னொன்று நுண்ணிய மயிர்கள் என்றது. மூன்றில் எது சரி என்று என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியாது என்பதால், பல்லியையே பார்க்கலாம் என்று சன்னலுக்குத் திரும்பினோம்.

கண்ணாடி வழியாகப் பல்லியின் உள்ளங்காலைப் பார்க்க முடிவது ஒரு வாய்ப்பு. விரல்களின் அடியில் குறுக்காக அடுக்கடுக்கான மடிப்புகள் தெரிந்தன. காலை எடுக்கும்போது விரல் நுனி முதலில் மேல்நோக்கிச் சுருண்டு, ஒட்டியிருந்த பட்டையை ஓரத்திலிருந்து உரிப்பதுபோல விடுபட்டது. மறுநாள் காலையில் வெளியே போய், பல்லி நின்ற இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிசுபிசுப்பு எதுவும் இல்லை. "பசை இல்லம்மா" என்று அவள் அறிவித்தபோது, இத்தனை ஆண்டுகள் நான் யோசிக்காமல் சொல்லி வந்த ஒரு பதில் எங்கள் வீட்டில் முடிவுக்கு வந்தது.

பிறகு நிதானமாகப் படித்துத் தெரிந்துகொண்டது இது. பல்லி இனத்தில் பெரியதான டோக்கே பல்லியின் ஒரு பாதத்தில் மட்டும் ஏறத்தாழ 5 லட்சம் நுண்மயிர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மயிரும் நுனியில் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிகிறது. அந்தக் கிளைகள் பரப்பை மிக மிக நெருங்கும்போது, மூலக்கூறுகளுக்கு இடையே உண்டாகும் வான் டெர் வால்ஸ் விசை என்னும் மெல்லிய ஈர்ப்பு, எண்ணிக்கையின் பலத்தால் உடலையே தாங்கும் பிடிப்பாகிவிடுகிறது. தனியொரு மயிரின் பிடிப்பை ஆய்வாளர்கள் அளந்து வெளியிட்டது 2000-இல்தான். அந்த விசையே காரணம் என்பதற்கான சோதனைச் சான்றுகள் 2002-இல் வந்தன. ஆண்டைக் கேட்டதும் அவள் விரல்விட்டு எண்ணினாள். "அப்போ நீ ஸ்கூல் போனப்போ டீச்சருக்கே தெரியாதா?" என்றாள். உலகத்தில் எல்லாவற்றுக்கும் விடை பெரியவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, தான் அதை வாங்கி வைத்துக்கொண்டால் போதும் என்று நினைத்திருந்த குழந்தையின் முகம் அந்த நொடியில் மாறியதை நான் பார்த்தேன்.

நன்னூல் வினாவை ஆறாகப் பகுக்கிறது. விடை தெரிந்தவர் பிறரிடம் கேட்பது அறிவினா. தெரியாதவர் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா. நம் பிள்ளைகள் பள்ளியில் நாள் முழுதும் எதிர்கொள்வது அறிவினாக்கள். ஆசிரியருக்கு விடை தெரியும், பிள்ளை அதைச் சொன்னால் மதிப்பெண். பல்லியைப் பார்த்துக் கேட்டாளே, அது அறியாவினா. அதற்கு உடனே ஒரு விடையைக் கையில் திணித்தால், சரியான விடையே ஆனாலும், கேள்வி அங்கேயே நின்றுபோகிறது என்பது என் உறுதியான எண்ணம். பெரியவருக்கும் தெரியாது என்பதையும், தெரியாதபோது அவர் என்ன செய்கிறார், எதை நம்புகிறார், எதை ஒதுக்குகிறார் என்பதையும் குழந்தை பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். கைப்பேசியைக் கொடுத்து "நீயே கேட்டுக்கோ" என்று அனுப்புவது இதற்கு ஈடாகாது. மூன்று பக்கங்கள் மூன்று விதமாகச் சொன்னபோது அவளுக்குத் தேவைப்பட்டது கூடவே குழம்பி நிற்க ஓர் ஆள்.

வேலைக்குப் போய்த் திரும்பும் தாய் தந்தையருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாக் கேள்விக்கும் அன்றே உட்கார வேண்டியதில்லை. குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். கேள்வியை அவளே எழுதுவாள், வாரத்துக்கு ஒன்றிரண்டைத் தேடுவோம். 'எறும்புக்கு வழி எப்படித் தெரியும்' என்பதற்கு, எறும்பு வரிசையின் நடுவே ஈரத்துணியால் ஒரு கோடு துடைத்தோம். வந்த எறும்புகள் அந்த இடத்தில் தடுமாறித் திரும்பின. அவை மணத்தடத்தைப் பின்பற்றுவதைக் கண்ணால் கண்ட பிறகு, எறும்பைத் தொடுகை, சுவை, மணம் என்னும் மூவறிவு உயிர்களில் தொல்காப்பியம் வைத்திருப்பதைக் காட்டினேன். "கண்ணைச் சேர்க்கலையே" என்று கவனித்தவள் அவள்தான். எறும்புக்குக் கண் உண்டு என்பதால் அதையும் தேட வேண்டியதாயிற்று.

இணையம் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 10 தொகுதிகளாக வெளியிட்ட குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். அரை நூற்றாண்டுப் பழையதுதான், சில செய்திகள் மாறிவிட்டன. ஆனால் குழந்தைக்கு ஒன்றை விளக்கும் தெளிந்த தமிழை அதில் பார்க்கலாம். பழைய விடையையும் இன்றைய விடையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே ஒரு நல்ல மாலைப்பொழுது.

பல்லியின் கதை இன்னும் முடியவில்லை. தூங்கும்போது அது விழாதா என்று கேட்டாள். உயிரற்ற பல்லியின் பாதமும் அதே வலுவுடன் ஒட்டுவதை 2014-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருப்பதைச் சேர்ந்து படித்தோம். நேற்று தாளில் புதிதாக ஒரு வரி ஏறியிருக்கிறது: 'பல்லி ச்சு ச்சுன்னு யாரைக் கூப்பிடுது?' சனிக்கிழமை கிளை நூலகத்துக்குப் போகிறோம்.